பூஜ்யத்தில் வைத்த கேமரா

பயிற்சி நிலையத்தின் ஏழு திரைகளும் ஒரே நொடியில் அணைந்து, மின்விசிறிகள் முனகிக்கொண்டே நின்றபோது, அண்ணி ஏணியின் மூன்றாம் படியில் இருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கொழுந்தனார் சற்றும் பதறவில்லை.

"இறங்காதீங்க அண்ணி. இப்ப பாருங்க வேடிக்கைய."

மின்சாரம் அரை நிமிடத்தில் திரும்பியது. மேலும் இருபது வினாடிகள் கழிந்ததும், முதல் வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியரின் முகம், யாரும் எதையும் தொடாமலேயே, ஏழு திரைகளிலும் வந்து உட்கார்ந்தது. நிலையத்தின் உரிமையாளர் கை தட்டாத குறைதான்.

"உங்க வேலைன்னா வேலைதாம்மா. முன்னாடி ஒருத்தர் மாட்டிக் குடுத்தாரு. கரண்ட் போயி வந்தா, ரிமோட்ட தூக்கிக்கிட்டு ஒவ்வொரு டிவிக்கா நான் ஓடணும்."

"அதெல்லாம் எங்க அண்ணியோட கைராசி சார்," என்றார் கொழுந்தனார்.

அந்தத் தொழிலில் இருந்த அனைவருமே அவரை அண்ணி என்றுதான் அழைத்தனர். முறைப்படி அவ்வாறு அழைக்கும் உரிமை கணவரின் தம்பியான கொழுந்தனார் ஒருவருக்கே உண்டு. கணவர் கடையில் அமர்ந்து கேமராக்களையும் திரைகளையும் அவற்றை இணைக்கும் பெட்டிகளையும் விற்பார். இவர்கள் இருவரும் அவற்றைக் கொண்டுபோய்ச் சுவர்களில் மாட்டுவார்கள். கேபிளை இழுப்பது கொழுந்தனாரின் வேலை. எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோடு பேச வேண்டும் என்று முடிவு செய்வது அண்ணியின் வேலை.

உரிமையாளர் வியந்து பாராட்டியது கைராசியை அல்ல, ஒரு பழக்கத்தை. கேமராவின் அருகில் ஓர் அனுப்பும் பெட்டி இருக்கும். ஒவ்வொரு திரையின் பின்னாலும் ஒரு வாங்கும் பெட்டி இருக்கும். படமும் ஒலியும் நெட்வொர்க் கேபிள் வழியே சுவிட்ச் எனப்படும் ஒரு பொதுப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து செல்லும். அனுப்பும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எந்தத் திரைக்கு எந்த எண் வேண்டுமோ, அதை வாங்கும் பெட்டியில் ரிமோட்டால் அமைத்துவிட வேண்டும். ஆனால் அவர்கள் வாங்கி விற்கும் விலையில் உள்ள பெட்டிகளுக்கு ஞாபகசக்தி கிடையாது. மின்சாரம் ஒருமுறை போய்வந்தால், சொல்லிக்கொடுத்த அனைத்தையும் துடைத்துவிட்டு எண் பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். ஆகையினால் முக்கியமான கேமராவுக்கு எப்போதும் பூஜ்யத்தையே கொடுத்துவிடுவது அண்ணியின் வழக்கம். எத்தனை முறை மின்சாரம் போனாலும், எல்லாத் திரைகளும் தாமாகவே முக்கியமான படத்துக்கு வந்துவிடும். விழா மண்டபக்காரர்களும் பயிற்சி நிலையத்தாரும் அவரைத் தேடி வருவதற்கு இந்தச் சிறிய சாமர்த்தியமே காரணம்.

"ஆனா வாசல்ல பாருங்க அண்ணி," என்று கொழுந்தனார் சிரித்தார். "சேர்க்கை அறிவிப்பு ஓடிட்டிருந்த டிவியிலயும் வாத்தியார் வந்து நிக்கிறாரு. தெருவுல போறவனுக்கெல்லாம் ஓசியில கணக்குப் பாடம்!"

அண்ணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார். அவருடைய முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, மணி என்ன?"

"பத்தே கால். ஏன்?"

"கோர்ட்டுல சாட்சி எத்தன மணிக்கு?"

"பதினொண்ணுக்குன்னு சொன்னாங்க. அதுதான் நேத்தே எல்லாத்தையும் சரி பாத்து, கையெழுத்தும் வாங்கிட்டோமே."

"சாட்சி கேமராவ நான் பூஜ்யத்துல வச்சிருக்கேன்," என்றார் அண்ணி.

கொழுந்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த வழக்கு ஒரு தொழிற்சாலைத் தீயைப் பற்றியது. பொதி கட்டும் பிரிவில் தீப்பிடித்த இரவில் பின்கதவு பூட்டியிருந்தது. ஆறு பேர் வெளியே வரவில்லை. பூட்டியவர் மேற்பார்வையாளர்தான் என்பதை நேரில் கண்ட ஒரே ஒருவர் சாட்சி சொல்ல முன்வந்திருந்தார். அவர் ஆணா பெண்ணா என்பதுகூட வெளியே தெரியக் கூடாது என்று நீதிபதி அம்மையார் உத்தரவிட்டிருந்தார். சாட்சி ஒரு தனி அறையில் அமர்ந்திருப்பார். அவருடைய முகமும் உண்மையான குரலும் நீதிபதியின் மேசைத் திரைக்கும், இரு வழக்கறிஞர்களின் திரைகளுக்கும் மட்டுமே செல்லும். பார்வையாளர் கூடத்தின் பெரிய திரைக்கு எண் ஒன்று: நீதிமன்ற அறையின் படமும், மாற்றப்பட்ட குரலும்.

முந்தைய நாள் மாலை, பழகிக்கொள்வதற்காகச் சாட்சியை அந்த அறைக்கு அழைத்து வந்திருந்தனர். முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கைப்பையை மடியிலிருந்து இறக்காமலேயே கேமராவின் முன் அமர்ந்திருந்தார்.

"என் மூஞ்சி எங்கெல்லாம் தெரியும்?" என்று அவர் கேட்டார். புகை குடித்த தொண்டையைப் போலக் கரகரத்த குரல். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒருமுறை உடைந்து, பிறகு நேராகும்.

"மூணே மூணு எடத்துலதாங்க. நீதிபதி அம்மா மேசையில ஒண்ணு, வக்கீலுங்க மேசையில ரெண்டு."

"வெளிய அந்தப் பெரிய டிவியில?"

"வராது."

"நிச்சயமா?"

எதற்கும் 'பாத்துக்கலாம்' என்று மட்டுமே சொல்லிப் பழகிய அண்ணி, கைப்பையை இறுகப் பிடித்திருந்த அந்தப் பெண்மணியின் கையைப் பார்த்துவிட்டு, "நிச்சயமா," என்றார். அதன் பின்புதான், எக்காரணம் கொண்டும் நீதிபதியின் திரையில் படம் தவறிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு, சாட்சி கேமராவுக்குத் தம் வழக்கப்படி பூஜ்யத்தைக் கொடுத்தார். எல்லாவற்றையும் சோதித்தார். மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மின்வெட்டைக் கண்டு அஞ்சுவதை அவர் விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நீதிமன்றத்துக்கு இரு சக்கர வண்டியில் போகும் வழியெல்லாம் கொழுந்தனார் பேசிக்கொண்டே வந்தார்.

"கோர்ட்டுல பேட்டரி இருக்கு அண்ணி. கரண்ட் போனாலும் சுவிட்ச் அணையாது. சும்மா போயி தப்புன்னு சொல்லி நம்ம வாயாலயே மாட்டிக்கணுமா? அப்படியே சொன்னாலும் தப்புன்னு சொல்லாதீங்க. 'ஒரு சின்ன மேம்பாடு'ன்னு சொல்லுங்க."

"வண்டிய ஓட்டு தம்பி."

நீதிமன்றத்தின் உள்வாசலில் எழுத்தர் அமர்ந்திருந்தார். இடுப்பில் பெரிய வளையத்தில் இருபது சாவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பதால், கொழுந்தனார் அவருக்கு முதல் நாளே சாவிக்கொத்து என்று பெயர் வைத்துவிட்டார்.

"மணி பதினொண்ணு அஞ்சு. சாட்சி ஆரம்பிச்சாச்சு," என்றார் சாவிக்கொத்து. "இனி ஈ கூட உள்ள போக முடியாது."

"மன்னிக்கணும்ங்க. ஒரு சின்ன விஷயம்... இல்லங்க, சின்னது இல்ல. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." அண்ணி நடந்ததை ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தார். "கரண்ட் ஒரு தடவை போயி வந்தா, அவங்க மூஞ்சி வெளிய கூடத்துல வந்துரும். அனுப்புற பெட்டிங்க சுவிட்ச் ரூம்லதான் இருக்கு; அத தொறந்து விட்டீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல நம்பர மாத்திடுவேன்."

"அந்த ரூமுக்கு சீல் வச்சிருக்கும்மா. நீதிபதி அம்மா சொல்லாம தொறந்தா என் வேலை போயிடும்."

"அப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"சாட்சி பேசும்போது நடுவுல போயி நிக்கவா? எழுதிக் குடுங்க. இடைவேளையில குடுக்கிறேன். பன்னெண்டரைக்கு."

"சுவிட்ச் பேட்டரியிலதான இருக்கு?" என்று கொழுந்தனார் குறுக்கிட்டார். "நேத்து நான் அதுலதான் சொருகினேன்."

சாவிக்கொத்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மேசையின் கீழிருந்த பேட்டரியிலிருந்து ஒரு வயர் மேலேறி, அவருக்குப் பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறிக்குப் போயிருந்தது.

"காலையில புழுக்கம் தாங்கல. ஒரு பாயிண்ட்டுதான் இருந்துச்சு. சுவிட்ச் ரூம்லருந்து வர்ற உங்க வயர எடுத்துப் பக்கத்து பிளக்குல போட்டேன். எல்லாம் ஒரே கரண்ட்டுதான?"

"நல்லா இருக்கு சார்," என்றார் கொழுந்தனார். "ஊரே இருண்டாலும் உங்களுக்கு மட்டும் காத்து வரும்."

இப்போதாவது மாற்றிச் செருகலாமே என்றால், கழற்றும் அந்த நொடியிலேயே, சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறும் பெட்டிகள் அனைத்தும் அணைந்து பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அண்ணி ஒரு தாளை எடுத்தார். சீட்டை எழுதினார். எழுத்து அச்சுப் போலவே இருந்தது; 'மேன்மை தங்கிய நீதிபதி அம்மையார் அவர்களுக்கு, பணிவான வணக்கத்துடன்' என்று தொடங்கியிருந்தார்.

"அண்ணி, வணக்கத்தெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்," என்று கொழுந்தனார் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். "நான் இங்க நிக்கிறேன். இவர உள்ள அனுப்பாம விடமாட்டேன். நீங்க கூடத்துக்குப் போங்க."

பார்வையாளர் கூடத்துக்குள் யார் வேண்டுமானாலும் செல்லலாம்; கைப்பேசியை மட்டும் வாசல் கவுன்டரில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், கேபிள் வேலைக்கு வருபவர்களிடம் அதைக் கேட்பதில்லை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் செய்தியாளர்கள், நடுவில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளரின் உறவினர்கள். பெரிய திரையில் நீதிபதி அம்மையார் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். சுவரின் இரு ஒலிபெருக்கிகளிலிருந்தும், பீப்பாய்க்குள் இருந்து பேசுவது போன்ற ஒரு கனத்த குரல் வந்துகொண்டிருந்தது.

அண்ணி திரையின் ஓரமாகச் சென்று, சுவரோடு சுவராக நின்றார். திரைக்கு மின்சாரம் தரும் பிளக் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. அதன் மேல் விரல்களை வைத்துக்கொண்டார். பிடுங்கிவிடலாமா? காரணமின்றித் திரையை அணைத்தால் விசாரணை நிறுத்தப்படும் என்று சாவிக்கொத்து எச்சரித்திருந்தார். அடுத்த முறை வருவதற்கு அந்தப் பெண்மணிக்குத் தைரியம் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? மின்சாரம் போகும், திரும்பும், பெட்டி விழித்துக்கொள்ள இருபது வினாடி ஆகும். அந்த இருபது வினாடி போதும் என்று அவர் கணக்குப் போட்டார்.

"ஏம்மா, மறைக்காம நில்லுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மன்னிச்சுக்கங்க," என்று அண்ணி இன்னும் சற்று ஒதுங்கினார். பிளக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு மின்சாரம் போயிற்று.

இருட்டில் நாற்காலிகள் உரசின. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அண்ணி பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. "டிவிய போடுங்கப்பா!" என்று சிலர் கூச்சலிட்டனர். அண்ணி அவர்களைப் பார்த்துப் பணிவோடு தலையசைத்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் குரல் வந்தது. பீப்பாய்க் குரல் அன்று. கரகரத்து, கடைசியில் ஒருமுறை உடைந்து நேராகும் குரல்.

"...சாவி அவரு கையிலதான் இருந்துச்சு. நான் கத்தினேன்."

அண்ணி ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். ஒலிபெருக்கிகளைத் திரையிலிருந்து இணைத்தால் ஒலி சன்னமாக வருகிறது என்று, அவற்றை நேராக வாங்கும் பெட்டியிலேயே இணைத்தவர் அவரேதான். அந்தப் பெட்டி திரைக்கு மேலே இருந்தது. அதற்குத் தனிப் பிளக் கிடையாது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் ஏறும். முகம், முகம் என்றே எண்ணிக்கொண்டிருந்தவர் குரலை மறந்துவிட்டிருந்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கேபிளின் முனையிலிருந்த சிறு பிளாஸ்டிக் கொக்கி விரலுக்கு அகப்படவில்லை.

"அவரு திரும்பிக்கூடப் பாக்கல. நான் ஓடிவந்து கதவ..."

கொக்கி முறிந்தது. கேபிள் கையோடு வந்தது. கூடம் முழுவதும் நிசப்தம்.

நாற்காலியின் மேல் நின்றபடியே அண்ணி திரும்பிப் பார்த்தார். பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். நடுவரிசையில் ஒரு பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். பின்வரிசையில் சாம்பல் நிறச் சட்டையும் கட்டைவிரலில் கட்டும் போட்டிருந்த ஒருவர், தலையைச் சாய்த்து, தமக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை நினைவுபடுத்திக்கொள்பவர் போல இருந்தார். பிறகு எழுந்து, யாரையும் இடிக்காமல், நிதானமாக வெளியேறினார்.

சாவிக்கொத்தும் கொழுந்தனாரும் மூச்சிரைக்க ஓடிவந்தனர்.

"மூஞ்சி வந்துச்சா?" என்று கேட்டார் சாவிக்கொத்து.

"இல்லங்க. குரல் வந்துருச்சு. ரெண்டு மூணு வாக்கியம்."

"மூஞ்சி வரலல்ல? அப்ப ஒண்ணும் ஆகல." சாவிக்கொத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீதிபதி அம்மா பத்து நிமிஷம் ஒத்தி வச்சிருக்காங்க. நீங்க சுவிட்ச் ரூமுக்கு வந்து எல்லாத்தையும் மாத்திடுங்க. சீட்டு எதுவும் வேண்டாம். நானும் விசிறியைப் பத்திப் பேசல, நீங்களும் பூஜ்யத்தைப் பத்திப் பேச வேண்டாம்."

கொழுந்தனார் அண்ணியின் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து இறக்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் சொல்றதும் சரிதான் அண்ணி. ரெண்டு வாக்கியத்துல யாருக்கு என்ன புரிஞ்சிடும்?"

"சாம்பல் சட்டை போட்டவர் ஒருத்தர் வெளிய வந்தாரே, பாத்தியா?"

"கட்டைவிரல்ல கட்டுப் போட்டவரா? கவுன்டர்ல போன வாங்கிட்டு வாசலுக்குப் போனாரு. ரொம்ப அவசரம் போல, டோக்கனக்கூட..." கொழுந்தனார் நிறுத்தினார். பிறகு, தம் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து அண்ணியிடமே கொடுத்துவிட்டார்.

"சுவிட்ச் ரூமுக்கு நீ போ தம்பி," என்றார் அண்ணி. "சாட்சி கேமராவுக்கு ஏழு குடு. கோர்ட் ரூம் படத்துக்குப் பூஜ்யம் குடு, அப்புறம் நீதிபதி அம்மா, வக்கீலுங்க திரை மூணையும் ரிமோட்டால ஏழுக்கு மாத்திடு. நான் அவங்க ரூமுக்குப் போறேன்."

"அங்க எதுக்கும்மா?" சாவிக்கொத்தின் குரல் உயர்ந்தது.

"கரண்ட் போயி வந்திருக்குங்க. கேமராவ பாக்கணும்." அதுவும் பொய்யில்லை. சாவிக்கொத்து முணுமுணுத்துக்கொண்டே ஒரு சாவியைக் கழற்றினார்.

அறைக்குள் சாட்சியும் ஒரு பெண் காவலரும் இருந்தனர். சாட்சி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் முகத்தில் சிறு புன்னகை. "நான் நல்லா சொல்றேனா? கேக்குதா?"

அண்ணி கேமராவைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணிக்கு எதிரே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்க நெஜக் குரல் வெளிய கேட்டுருச்சுங்க. மூஞ்சி வரல. குரல் மட்டும். மிஷினோட தப்பு இல்ல, என் தப்பு. நான்தான் அப்படி வச்சிருந்தேன்."

பெண் காவலர் எழுந்துவிட்டார். சாட்சி தண்ணீர் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எதுவரைக்கும் கேட்டுச்சு?"

"'சாவி அவரு கையிலதான் இருந்துச்சு. நான் கத்தினேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. நான் ஓடிவந்து கதவ.' அவ்வளவுதான். அதோட பிடுங்கிட்டேன்."

"யாராவது எந்திரிச்சுப் போனாங்களா?"

"ஒருத்தர். சாம்பல் சட்டை. கட்டைவிரல்ல கட்டுப் போட்டிருந்தாரு. போன வாங்கிட்டு வெளிய போயிருக்காரு."

சாட்சி கண்களை மூடிக்கொண்டார். "சூப்பர்வைசரோட மச்சினன். நாலு வருஷம் பக்கத்து மேசையில வேலை பாத்தவன். என் குரலப் பத்தி அவன் கேலி பண்ணாத நாளே கிடையாது. தவளை, தவளைன்னுதான் கூப்பிடுவான்." கண்களைத் திறந்தார். "உங்ககிட்ட போன் இருக்கா? என்னோடத வாசல்லயே வாங்கிட்டாங்க."

அண்ணி பெண் காவலரைப் பார்த்தார். காவலர் ஒரு நொடி தயங்கி, கதவருகே சென்று முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அண்ணி தம் கைப்பேசியை நீட்டினார்.

மறுமுனையில் மணி நான்கு முறை அடித்தது.

"அக்கா, நாந்தான். நீ இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போ. பாப்பாவ கூட்டிட்டு நேரா உன் மாமியார் வீட்டுக்குப் போயிடு. எங்க வீட்டுக்குப் போகாத. துணி எடுக்கக்கூட போகாத... ஏன்னு கேக்காத அக்கா, போ... அழல. தொண்டை அப்படித்தான்... போயி சேந்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடு."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்காமல் மேசையின் நடுவில் வைத்தார். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

கதவு தட்டப்பட்டது. சாவிக்கொத்து தலையை மட்டும் நீட்டினார். "பத்து நிமிஷம் ஆச்சு. நீதிபதி அம்மா தயாரான்னு கேக்கிறாங்க. கேமரா சரியாயிடுச்சில்ல?"

"இல்லங்க," என்றார் அண்ணி. வாழ்நாளில் ஓர் அலுவலரிடம் அவர் இல்லை என்று சொன்னது அதுவே முதல் தடவையாக இருக்கக்கூடும். "இவங்க இன்னும் தயாராகல. ஒரு போனுக்காகக் காத்திருக்காங்க. ஏன்னு நானே வந்து அம்மாகிட்ட சொல்றேன்."

"இங்க பாரும்மா, உனக்கும் சேத்துத்தான சொன்னேன்..."

"விசிறியைப் பத்தியும் சொல்லத்தான் வேண்டியிருக்கும். மன்னிச்சுக்கங்க."

சாவிக்கொத்தின் தலை மறைந்தது. பெண் காவலர் தம் வயர்லெஸ்ஸை எடுத்து, வாசலில் நிற்பவர்களிடம் சாம்பல் சட்டைக்காரரின் அடையாளங்களைச் சொல்லத் தொடங்கினார்.

இருபத்தேழு நிமிடங்கள் கழித்துக் கைப்பேசி ஒலித்தது. சாட்சி அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். அப்படியிருந்தும், அந்தப் பக்கம் ஒரு சிறுமி எதற்கோ அடம்பிடிப்பது அண்ணிக்குக் கேட்டது.

"சரி. அங்கயே இருங்க," என்றார் சாட்சி. கைப்பேசியை அண்ணியின் கையில் வைத்தார். அவருடைய விரல்கள் சில்லென்றிருந்தன. "இன்னைக்கு ராத்திரிக்கு எடம் ஆச்சு. நாளைக்கு எங்க போறதுன்னு தெரியல."

இம்முறை அண்ணி பாத்துக்கலாம் என்று சொல்லவில்லை.

"நீங்க போயி சொல்லிட்டு வாங்க," என்றார் சாட்சி. "எழுதினத குடுக்காதீங்க. வாயால சொல்லுங்க. அவன் பேரையும் சேத்துச் சொல்லணும், நான் சொல்றேன், மனசுல வச்சுக்கங்க."

அவர் பெயரைச் சொன்னார். அண்ணி இரண்டு முறை அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கையிலிருந்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். தாழ்வாரத்தில் அவருடைய செருப்பின் ஓசை அவருக்கே பெரிதாகக் கேட்டது. நீதிமன்ற அறையின் கதவருகே சுவிட்ச் அறையின் தூசியோடு கொழுந்தனார் நின்றிருந்தார். கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே நீதிபதி அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க. யார் நீங்க?"

அண்ணி கைகூப்பினார். "இந்தக் கேபிளையெல்லாம் மாட்டினது நான்தாங்க," என்று தொடங்கினார்.